அப்பா 3 ஏக்கர் வயல் செய்கிறவர். காசில்லாமல் ஹார்வர்ட் மாதிரி இடத்துக்கு விண்ணப்பிக்க ஏலுமா?

ஏலும். ஊர் வெல்லாவெளி என்று போட்டிருக்கிறீர்கள். உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் எல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைகளையும் வசதி பாராமல் எடுத்து, குறைகிற காசு முழுவதையும் தருகிற இடங்கள். வேறு பல கல்லூரிகளில் உதவி கேட்டாலே வாய்ப்புக் குறையும். அதற்காகக் கேட்காமல் விடவேண்டாம், சேர்ந்த பிறகு கேட்டால் அனேகமாகக் கிடைக்காது.

எல்லாரும் கட்டுரை, கட்டுரை என்பார்கள். எங்கட பக்கத்துப் பிள்ளைகள் இடறுவது நிதியுதவி கேட்கக் கல்லூரிகளுக்கு அனுப்புகிற சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற வருமானப் படிவத்தில். முதலில் நாணயத்தை இலங்கை ரூபாய் என்று தெரிவுசெய்யுங்கள். டொலரில் விட்டுவிட்டு 600000 என்று அடித்தால் அப்பா 6 இலட்சம் டொலர் உழைக்கிறவராகிவிடுவார். நெல் விற்ற காசை அப்படியே போடவும் கூடாது. பெரும்போகத்தில் 6 இலட்சத்துக்கு விற்று, உழவு, விதைநெல், உரம், களைநாசினி, வெட்டு மெஷின் கூலி போக 2 இலட்சம் மிஞ்சினால் அந்த 2 இலட்சம்தான் வருமானம். தண்ணியில்லாமல் சிறுபோகம் செய்யவில்லையா? படிவத்தின் விளக்கப் பெட்டியில் எழுதுங்கள். அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் தந்த காணி என்றால் நினைத்தபடி விற்க ஏலாது என்பதையும் அங்கேயே சொல்லுங்கள்.

கிராம சேவகரின் வருமானச் சான்றிதழில் பிரதேச செயலகத்தின் மேலொப்பம் இருக்கட்டும். அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப் பணத்துக்குச் சொன்னது ஒன்று, படிவத்தில் வேறொன்று, வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று என்றால் கேள்வி வரும். பொய் சொல்லச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். உண்மைத் தொகையையே எல்லா இடத்திலும் போடச் சொல்கிறேன்.

சி.எஸ்.எஸ். படிவத்துக்கு முதல் கல்லூரிக்கு 25 டொலர், பிறகு ஒவ்வொன்றுக்கும் 16. வெளிநாட்டவருக்குத் தானாகக் கட்டண விலக்கு வராது. காசு கட்டமுதல் அந்தந்தக் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டு விலக்குக் குறியீடு கேளுங்கள். பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கிற கொமன் அப் தளத்தின் கட்டண விலக்கைப் பாடசாலை உறுதிப்படுத்த வேண்டும், அதனால் அதிபரிடம் செப்டெம்பரிலேயே போங்கள். எம்.ஐ.டி.க்குத் தனித் தளம்.

கடைசியாக ஒன்று. டவுனில் ‘நூறு வீத ஸ்கொலர்ஷிப்’ என்று போர்ட் போட்டிருக்கிற ஏஜன்ட்மார் தங்கட ஈமெயிலில்தான் கணக்குத் திறப்பார்கள். பல்கலைக்கழகம் ஒரு கடதாசி குறைகிறது என்று எழுதினால் அது அவர்களுக்குத்தான் போகும், அவர்கள் திறந்தும் பார்ப்பதில்லை. ஈமெயிலும் பாஸ்வேர்டும் உங்கட கையில் இருக்கட்டும்.