சிவப்பு மையில போட்ட 'ஏ'

அன்புள்ள அண்ணா, எங்கப்பா ஓசூர்ல 1986ல இருந்து நடத்துன லேத் பட்டறைய மூடிட்டோம். ரெண்டு ட்ரங்கு பெட்டி நிறைய நோட்டு இருக்கு. பேலன்ஸ் ஷீட், பேங்க் பேப்பர் மட்டும் எடுத்துக்கிட்டு மீதிய எடைக்குப் போட்டுடலாம்னு இருக்கேன். எல்லாம் பழைய அட்டனன்ஸ் குப்பை, வருஷா வருஷம் கார்த்திகை மார்கழில பாதிப்பேருக்கு சிவப்பு மையில 'ஏ' தான். காப்பகம் எதாவது வாங்குமா, ஸ்கேன் பண்ணா போதுமா?

தம்பி,

குப்பைன்னு எழுதுன பாரு, அந்த ஒரு வார்த்தைக்குத்தான் தூங்காம உக்காந்து பதில் எழுதறேன்.

அந்த சிவப்பு 'ஏ' என்னன்னு உங்கப்பாவ ஒருவாட்டி கேட்டியா? அது ராகி அறுப்புடா. சூளகிரி, தளி, கெலமங்கலம் பக்கத்துல இருந்து வந்தவன் மிஷின நிறுத்திட்டு அறுப்புக்கு ஊருக்குப் போயிட்டான். 1980ல அசோக் லேலண்ட், பின்னாடி டைட்டன்னு வந்து பட்டறைங்க பெருகுன காலத்துல நம்ம ஜனம் ஒரே நாள்ல தொழிலாளி ஆயிடல, ஒரு கால் கொல்லையில ஒரு கால் லேத் முன்னாடின்னு ரொம்ப வருஷம் நின்னாங்க. ஒவ்வொரு பேரா எடுத்து எந்த வருஷத்தோட அந்த சிவப்பு வராம நின்னு போகுதுன்னு பாரு. அது அந்தாளு நெலத்த விட்ட வருஷம். வித்தானா, போர் வத்திச்சா, தம்பிக்கு விட்டுட்டானான்னு போய் கேக்க ஒரு தேதியாவது கெடைக்கும், உன் பேலன்ஸ் ஷீட் இத சொல்லுமா?

எங்கம்மா கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரில பதினாலு சீசன் போனாங்க. பெங்களூரா பழத்த நறுக்கி நறுக்கி பால் பட்டு விரல் இடுக்கெல்லாம் புண்ணாயிருக்கும், ராத்திரி தேங்காண்ணெ தடவிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. பின்னாடி பிஎஃப்புக்காக வேலை பார்த்த சாட்சி கேட்டு போனா, அந்த ரிஜிஸ்டரெல்லாம் எப்பவோ எடைக்குப் போட்டாச்சும்மான்னுட்டாங்க. சட்டப்படி தப்பும் இல்ல, அதான் வயிறு எரியுது. கம்பெனி கணக்கு 8 வருஷம் இருக்கணும், அப்போ இருந்த 1936 ஊதியச் சட்டத்துல சம்பள ரிஜிஸ்டருக்கு 3 வருஷம் போதும்னு இருந்துச்சு. மொதலாளி காசுக்கு எட்டு, கூலிக்காரி கைநாட்டுக்கு மூணு!

1792ல பாரமகால், அதான் நம்ம கிருஷ்ணகிரி தருமபுரி பக்கம், ஈஸ்ட் இந்தியா கும்பினி கைக்குப் போனதும் ரீடு, மன்றோன்னு வெள்ளக்கார அதிகாரிங்க ஊர் ஊரா கணக்கெடுத்தாங்க, வரிக்காகத்தான், ஆனா அது அச்சாகி இன்னைக்கும் படிக்கலாம், எது வெளஞ்சது எதுக்கு வரின்னு எல்லாம் இருக்கு. 1996ல எங்கம்மா நாள் கூலி என்னன்னு பாக்க ஒரு தாள் இல்ல.

காப்பகம் கேட்டல்ல, டாட்டாவுக்கு 1991ல இருந்தே தனி காப்பகம் இருக்கு, இப்ப அது புனேல, நம்ம பட்டறைக்கு அப்படி யாரும் வெக்கல, இப்போதைக்கு நீதான். ஸ்கேன் பண்ணு, ஆனா தாள விட்டுடாத. நோட்டுங்கள அழகா அடுக்கறேன்னு வரிசையக் கலைக்காத, உள்ள சொருகின அட்வான்ஸ் சீட்டு எதையும் உருவாத.

ஞாயித்துக்கிழமை காலைல பஸ் ஏறி வரேன். அப்பாவ வீட்லயே இருக்கச் சொல்லு, ஒவ்வொரு பேரா அவர்தான் சொல்லணும். அதுவரைக்கும் பழைய பேப்பர் கடைக்காரர் போன் பண்ணா எடுக்காத.