ஊசி குத்திப் பத்தொன்பது நாள்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றில் ஆறு வருடமாக ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளராக இருக்கிறேன். 19 நாட்களுக்கு முன் வார்டில் மருத்துவக் கழிவு போடும் மஞ்சள் பையைக் கட்டித் தூக்கும்போது உள்ளே கிடந்த ஊசி தொடையில் குத்திவிட்டது. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்டினார், "சோப்பு போட்டுக் கழுவு" என்றார், அவ்வளவுதான். இப்போது 20,000 ரூபாய் தருகிறோம் என்கிறார்கள். "கையுறை போடாமல் என் கவனக்குறைவால் நடந்தது, இனி எதுவும் கோரமாட்டேன்" என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். அதிகாரி மீது கிரிமினல் வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்று பக்கம் சூப்பர்வைசர் பேசிய பேச்சு. வருத்தம்தான், ஆனால் அதை வைத்து நான் ஒன்றும் செய்ய முடியாது. ஊசி குத்திய பிறகு இரத்தம் எடுத்துச் சோதித்தார்களா? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு வேண்டியது அந்த வரிதான்.

ஊசி குத்தியதற்காக மட்டும் பெரிய தொகை கிடைக்காது. அதனால் நோய் வந்தால்தான் இழப்பீடு. மருத்துவமனை வேலையில் தொற்றும் நோய் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. 1923 இழப்பீட்டுச் சட்டமானாலும் அதன் இடத்தில் வந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பானாலும் அப்படித்தான். ஆனால் நோய் இந்த வேலைக்கு முன்பே இருந்தது என்று எதிர்த்தரப்பு சொன்னால், இல்லை என்று காட்ட உங்கள் கையில் என்ன இருக்கிறது?

இதே நிலையில் ஒரு பெண் என்னிடம் வந்தார். ஊசி குத்தி நாலு மாதம் கழித்துத்தான் பரிசோதனை. மஞ்சள் காமாலை பி இருப்பது தெரிந்தது. குறுக்கு விசாரணையில் மருத்துவமனை வக்கீல் கேட்டது ஒரே கேள்வி: "பிரசவத்தில் உங்களுக்கு இரத்தம் ஏற்றினார்களா?" அவர் வெள்ளந்தியாக, "ஆமாங்க ஐயா, ரெண்டு பாட்டில்" என்றார். அதற்குப் பிறகு கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தோம். குத்திய வாரமே எடுத்த "இல்லை" என்ற ஒரு ரிப்போர்ட் இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

அதனால் நாளைக் காலையிலேயே அரசு மருத்துவமனைக்குப் போய்ப் பரிசோதனை செய்யுங்கள். எச்.ஐ.வி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அது போய்விட்டது. மஞ்சள் காமாலை பி வெளிப்பட ஆறு மாதம்வரை ஆகலாம் என்பதால், இன்று "இல்லை" என்று வந்தாலும், நோய் முன்பே இருக்கவில்லை என்பதற்கு அது உங்களுக்குச் சாட்சியம். தடுப்பூசி, அடுத்தடுத்த பரிசோதனை எல்லாம் டாக்டர் சொன்னபடி. எச்.ஐ.வி பரிசோதனை முடிவு ஆபீசுக்குப் போக வேண்டிய அவசியமில்லை, 2017 எச்.ஐ.வி சட்டம் அதை ரகசியமாகவே வைக்கச் சொல்கிறது.

அப்புறம், வேலையில் சேரும்போதும் வருடா வருடமும் செய்த உடல் பரிசோதனையின் நகல், மஞ்சள் காமாலை பி தடுப்பூசிப் பதிவு, விபத்துப் பதிவேட்டில் உங்கள் பெயர் வரும் பக்கம், மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். 2016 மருத்துவக் கழிவு விதிகள்படி மருத்துவமனை இவற்றைச் செய்திருக்க வேண்டும். ஊசி போக வேண்டியது துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில். மஞ்சள் பையில் கிடந்தது அவர்கள் தவறு, அதில் வாதமே இல்லை.

அந்தக் கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதினாலும் சட்டத்தில் செல்லாது, போட்டுவிட்டுப் பணத்தை வாங்கு என்று சொல்பவர்கள் இருப்பார்கள். கேட்காதீர்கள். "எதுவும் கோரமாட்டேன்" என்பதைவிட எனக்குப் பயம் "கையுறை போடாமல்" என்ற வார்த்தையில்தான். கொடுத்த பாதுகாப்புச் சாதனத்தைத் தொழிலாளி வேண்டுமென்றே ஒதுக்கியிருந்தால் முதலாளி பொறுப்பிலிருந்து தப்பலாம். அதற்கான ஆதாரத்தை உங்கள் கையாலேயே எழுதி வாங்கப் பார்க்கிறார்கள். தொடையில் குத்திய ஊசியைக் கையுறை எப்படித் தடுக்கும் என்று அந்தத் தாளை எழுதியவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

கிரிமினல் வழக்கு வேண்டாம். ஊசியைப் பையில் போட்டது யார் என்று நிரூபிக்க வேண்டும். மாட்டுவது அதிகாரி இல்லை, இராத்திரி ட்யூட்டி பார்த்த ஏதோ ஒரு நர்ஸ் பெண். பெரிய விபத்தை மறைத்தார்கள் என்று மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஓடாதீர்கள். "பெரிய விபத்து" என்பதிலிருந்து ஊசி குத்துவதை அந்த மருத்துவக் கழிவு விதிகளே பெயர் சொல்லி விலக்கிவிட்டன.

சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பணிக்காயத்துக்கான இழப்பீட்டை இ.எஸ்.ஐ-யிடம்தான் கேட்க வேண்டும், முதலாளியிடம் இல்லை. இல்லையென்றால், ஒப்பந்தக்காரரைப் போய்க் கேள் என்று மருத்துவமனை தள்ளிவிட முடியாது. இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு அவரிடம் அவர்கள் வசூலித்துக்கொள்ளட்டும். கோரிக்கைக்குக் காலக்கெடு இரண்டு வருடம்.

என்னைக் கேட்டால் சமாதானமாகப் போங்கள், ஆனால் இன்றைக்கு இல்லை. ஆறு மாதப் பரிசோதனை, தடுப்பூசி, சிகிச்சைச் செலவு எல்லாம் எங்கள் பொறுப்பு என்று மருத்துவமனையிடம் எழுத்தில் வாங்குங்கள். ஆறு மாதம் கழித்தும் ரிப்போர்ட் சுத்தமாக இருந்தால், அந்த 20,000-ஐ, கையுறை வரி இல்லாத தாளில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எந்த நீதிமன்றமும் உங்களுக்குத் தரப்போவதில்லை. ரிப்போர்ட் வேறு மாதிரி வந்தால், அன்றைக்கே என்னைப் பாருங்கள்.