மூன்று இரவு பார்சிலோனா: பட்டியலில் எதை அடிப்பது?

கேள்வி: எங்கள் மகள் பாரிஸில் மேற்படிப்பு படிக்கிறாள். அக்டோபரில் நானும் கணவரும் அவளைப் பார்க்கப் போகிறோம். அவளுக்குக் கிடைக்கும் நாலு நாள் லீவில் மூவருமாக ரயிலில் பார்சிலோனா போய் மூன்று இரவு தங்குவதாகத் திட்டம். ஸ்பெயினுக்கு இதுதான் முதல் தடவை. கணவர் பதினேழு இடங்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். அதில் ஒரு நாள் மாட்ரிட், ஒரு நாள் மோன்ட்செராட் மலை. எனக்கோ முழங்கால் வலி. நாங்கள் சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. பிக்பாக்கெட் பயம் வேறு. எப்படித் திட்டமிடுவது?
- ஒரு வாசகி, கோவை

பதில்: சகோதரிக்கு வணக்கம். கடிதத்தைப் படித்ததும் பேனாவை எடுத்து முதலில் மாட்ரிட்டை அடித்துவிட்டேன். அதிவேக ரயிலிலேயே போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. அடுத்து மோன்ட்செராட். அருமையான மலை, அருமையான மடம். ஆனால் ஊருக்குள்ளிருந்து ரயில் பிடித்து, அடிவாரத்தில் இறங்கி, மலை ரயிலுக்கு மாறி, ஏறி இறங்கி வந்தால் பகல் முழுக்கப் போய்விடும். உங்களிடம் அந்தப் பகல் இல்லை. பாரிஸிலிருந்து நேரடி ரயிலுக்கே ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஆகிறது. முதல் நாளும் கடைசி நாளும் பயணத்தில் கழியும். மிஞ்சுவது இரண்டு முழு நாள், ஒரு மாலை. உங்கள் கணவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

ரயில் என்று முடிவு செய்தது நல்லது. ஊருக்குள் இருக்கும் சான்ட்ஸ் நிலையத்திலேயே இறங்கிவிடலாம். வழியில் நர்போன் தாண்டியதும் தண்டவாளம் உப்பங்கழிகளை ஒட்டி ஓடும், சில சமயம் பூநாரைகள்கூடக் கண்ணில் படும். அந்த நேரம் தூங்கிவிடாதீர்கள். பிரான்ஸ் தரும் ஷெங்கன் விசாவே ஸ்பெயினுக்கும் செல்லும். விண்ணப்பத்தில் பார்சிலோனா தங்கலையும் சேர்த்து எழுதுங்கள். எல்லை தாண்டும்போது சோதனை வரலாம் என்பதால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

விசா வந்த அன்றே இரண்டு நுழைவுச் சீட்டுகளை இணையத்தில் வாங்கிவிடுங்கள்: சாக்ரதா ஃபமீலியா, குவெல் பூங்கா. இரண்டுக்குமே நேரம் குறித்த சீட்டு. நேரில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பி, வாசலோடு திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மற்ற எதையும் முன்கூட்டிக் கட்ட வேண்டாம்.

சாக்ரதா ஃபமீலியாவுக்கு மாலை நாலு மணிச் சீட்டு எடுங்கள். காரணம் வெளிச்சம். 1882-ல் தொடங்கிய தேவாலயம் அது. மறு வருடமே பொறுப்பேற்ற அன்டோனி கௌடி, 1926-ல் டிராம் மோதி இறக்கும் வரை அதையே கட்டிக்கொண்டிருந்தார். அடிபட்டுக் கிடந்தவரின் கசங்கிய உடையைப் பார்த்து யாரோ பிச்சைக்காரர் என்றே நினைத்தார்களாம். அவரை அடக்கம் செய்ததும் அதன் நிலவறையில்தான். முதலில் கிழக்கு முகப்பின் முன் நில்லுங்கள். அண்ணாந்து பார்ப்பதற்கு முன் வாசல் தூண்களின் அடியைப் பாருங்கள். ஒரு தூணை ஆமை ஒன்று முதுகில் தாங்குகிறது, அது கடலாமை. மலைப்பக்கத் தூணின் அடியில் இருப்பது நில ஆமை.

அப்புறம் உள்ளே போங்கள். தூண்கள் உயரே போய் மரம்போலக் கிளை பிரியும். கிழக்குச் சன்னல்களில் நீலமும் பச்சையும், மேற்கில் சிவப்பும் ஆரஞ்சும். வெயில் மேற்கே சாயச் சாய அந்த ஆரஞ்சு தரையில் இறங்கி, தூண்களில் ஏறி, உட்கார்ந்திருப்பவர்கள் மேல் படரும். நான் போன அன்று என் வெள்ளைப் பருத்திப் புடவையின் மடியில் ஒரு சிவப்புத் துண்டு விழுந்தது. மெல்ல நகர்ந்து முழங்கையைத் தொட்டு, பக்கத்து இருக்கைப் பாட்டியின் கைப்பைக்குப் போனது. அந்தப் பாட்டியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் அங்கே சும்மா உட்காருங்கள். உங்கள் முழங்காலுக்கும் அது வேண்டும். கோபுரச் சீட்டு மட்டும் உங்களுக்கு வேண்டாம். ஏறத்தான் லிஃப்ட், இறங்குவது குறுகிய சுழல் படிக்கட்டில். மகள் ஏறிவிட்டு வரட்டும்.

அதே நாள் காலை குவெல் பூங்கா. மேட்டில் இருக்கிறது. மெட்ரோவில் போனால் ஏற்றம் நடக்க வேண்டும், அதனால் கறுப்பு மஞ்சள் டாக்ஸி பிடித்து கர்மெல் சாலை வாசலில் இறங்குங்கள். அந்தப் பக்கம் 116-ம் எண் சிற்றுந்து ஒன்று ஓடுகிறது. சுற்றுலாப் பயணிகள் அடைத்துக்கொண்டு அக்கம்பக்கத்துப் பெரியவர்களுக்கே இடமில்லாமல் போனதால், 2024-ல் கூகுள் மேப்பிலிருந்தே அந்தத் தடத்தை எடுக்க வைத்தார்கள். அவர்கள் பஸ்ஸை அவர்களுக்கே விட்டுவிடுவோம். பூங்காவில் வளைந்து வளைந்து போகும் ஒரு நீண்ட பெஞ்சு உண்டு. நம் ஊர் மொட்டைமாடிகளில் உடைந்த சைனா ஓடு பதிப்பார்களே, அதே வேலைதான். அங்கே ட்ரென்காதீஸ் என்கிறார்கள். முதுகுக்கு இதமாக இருக்கும், முன்னால் ஊரும் கடலும் தெரியும்.

அடுத்த நாள் காலை பழைய நகரம், பாரி கோத்திக். சந்துகள் நிழலாக இருக்கும், தரையும் பெரும்பாலும் சமம்தான். கதீட்ரலின் உள்முற்றத்தில் பதின்மூன்று வாத்துகள் வளர்க்கிறார்கள். புனித எவுலாலியா பதின்மூன்று வயதில் கொல்லப்பட்டதன் நினைவாக அந்த எண்ணிக்கை. பக்கத்திலேயே சாந்த் ஃபெலிப் நேரி என்ற சின்னச் சதுக்கம். 1938 ஜனவரியில், உள்நாட்டுப் போரின்போது, விமானத்திலிருந்து போட்ட குண்டில் அங்கே 42 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். தேவாலயச் சுவரில் சிதறல் பட்ட குழிகள் அப்படியே இருக்கின்றன. அங்கே நின்று சிரித்துப் படமெடுப்பவர்களைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை. பிறகு சான்டா மரியா தெல் மார் தேவாலயம். மொன்ஜுயிக் குன்றிலிருந்து அதற்கான கற்களை முதுகில் சுமந்து வந்தவர்கள் துறைமுகச் சுமைதூக்கிகள். கதவில் குனிந்து கல் சுமக்கும் குட்டி வெண்கல உருவங்கள் அவர்கள்தான், தேடிப் பாருங்கள். மாலையில் பார்சிலோனெட்டா கடற்கரை. வந்து இறங்கும் மாலைக்கு பஸேச் தெ கிராசியா சாலையில் ஒரு நடை போதும். கௌடி கட்டிய காசா பாட்யோ, லா பெத்ரேரா வீடுகள் இரண்டையும் விளக்கொளியில் வெளியிலிருந்தே பார்த்துவிடலாம்.

தங்குமிடம் அந்தச் சாலையை ஒட்டிய ஐஷாம்ப்ளா பகுதியில் இருந்தால் நல்லது. மூவருக்கும் சேர்த்து டி-ஃபமிலியார் என்ற எட்டுப் பயண அட்டை வாங்குங்கள், ஒரே அட்டையை எல்லோரும் பயன்படுத்தலாம். டி-காஷுவல் ஒருவருக்கு மட்டும்தான். உங்களுக்கு மெட்ரோவைவிட பஸ் மேல், படியும் சுரங்கப் பாதையும் மிச்சம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். அங்கே மதியச் சாப்பாடு இரண்டு மணி வாக்கில், இரவு ஒன்பதுக்கு மேல். ஏழு மணிக்குப் பசித்தால் சமையலறை மூடியிருக்கும். மதியத்தைக் கனமாக வைத்துக்கொள்ளுங்கள். வார நாட்களில் பல கடைகளில் 'மெனு தெல் தியா' என்று அளவுச் சாப்பாடுபோல ஒன்று உண்டு. வெஜிடேரியன் என்று மட்டும் சொன்னால் சாலட்டில் டூனா மீன் வந்துவிடும். "சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன், சின் உவேவோ" என்று எழுதிக் காட்டுங்கள். இறைச்சி, மீன், பன்றித்தொடை, முட்டை நான்கும் வேண்டாம் என்று பொருள். தக்காளி தேய்த்த ரொட்டி, பா அம்ப் தோமாகெட், எங்கும் கிடைக்கும். சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும் எண்ணெயில் ஊறிய எஸ்கலிவாதா எனக்கு மிகப் பிடித்தது, மேலே நெத்திலி வைக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். திராட்சையும் பைன் கொட்டையும் போட்டு வதக்கிய கீரையும் நல்லது. தோர்த்தீயா என்பது அங்கே முட்டை ஆம்லெட், ஆலியோலி என்ற பூண்டு சாஸிலும் பெரும்பாலும் முட்டை இருக்கும். சோறுதான் வேண்டும் என்றால் ரவால் பகுதியில் இந்திய, பாகிஸ்தானிக் கடைகள் நிறைய.

பிக்பாக்கெட் பயம் நியாயமானது. லா ரம்ப்லா என்ற கூட்டமான நடைசாலை, மெட்ரோ, கடற்கரை மூன்றிலும் கை பையிலேயே இருக்கட்டும். தெருவோர மேசையில் போனை வைக்காதீர்கள். தோளில் ஏதோ கொட்டிவிட்டது, துடைத்துவிடுகிறேன் என்று யாராவது நெருங்கினால் நிற்காமல் நடங்கள். பாஸ்போர்ட் அறையின் பெட்டகத்தில், நகல் கையில்.

கிளம்பும் நாள் சான்ட்ஸ் நிலையத்துக்கு முக்கால் மணி முன்னதாகப் போய்விடுங்கள். அங்கே பெட்டிகளை ஸ்கேனரில் விட்டுத்தான் நடைமேடைக்கு அனுப்புவார்கள். வழிக்குத் தக்காளி ரொட்டி நாலு கட்டிக்கொள்ளுங்கள்.