இன்சூரன்ஸ் இல்லாதவர், ஆங்கிலம் பேசாதவர்: அமெரிக்க ஹெல்த் சென்டர், மருத்துவமனை பற்றிய கேள்வி பதில்

கேள்வி: வேலை போய்விட்டது, அதோடு இன்சூரன்ஸும் போய்விட்டது. மனைவிக்குத் தைராய்டு, எனக்கு பிரஷர். நான்கு பேர் குடும்பம். கம்யூனிட்டி ஹெல்த் சென்டரில் எங்களைப் பார்ப்பார்களா?

பதில்: பார்ப்பார்கள். மத்திய அரசின் நிதி பெறும் ஹெல்த் சென்டர்கள் (பொது மருத்துவம் பார்க்கும் உள்ளூர் கிளினிக்குகள்), பணம் இல்லை என்ற காரணத்துக்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. கட்டணத்தை வருமானத்தையும் குடும்பத்தில் எத்தனை பேர் என்பதையும் மட்டும் வைத்து முடிவு செய்வார்கள். சேமிப்பு, கார், வீடு எதுவும் கணக்கில் வராது. வறுமைக் கோட்டுக்குள் இருந்தால் முழுத் தள்ளுபடி, அல்லது பெயரளவுக்கு ஒரு சிறு தொகை. கோட்டின் இரண்டு மடங்கு வரை படிப்படியான தள்ளுபடி. 2025 கணக்கில் நான்கு பேருக்கு அந்தக் கோடு ஆண்டுக்கு 32,150 டாலர், இரண்டு மடங்கு 64,300. அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் தொகை அதிகம்.

முன்பதிவு செய்யும்போதே "ஸ்லைடிங் ஃபீ விண்ணப்பம் வேண்டும்" என்று அந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள். வருமானத்துக்கேற்பக் குறையும் கட்டணத்துக்கு அதுதான் பெயர். வெறுமனே "இன்சூரன்ஸ் இல்லை" என்றால் முழுக் கட்டணத்தில் பதிந்துவிடும் ஆட்களும் உண்டு. போன வருட வரிக் கணக்கை மட்டும் கொண்டுபோனால் பழைய சம்பளம்தான் தெரியும். வேலை நின்ற கடிதத்தையும், வேலையின்மை உதவித்தொகை வந்தால் அந்தத் தாளையும் சேர்த்துக் கொடுங்கள்.

பலர் ஏமாறும் இடம் ரத்தப் பரிசோதனை. ரத்தம் எடுப்பது சென்டரில், சோதிப்பது வெளி லேபில் என்றால், அந்த லேப் தன் முழு விலைக்கு வீட்டுக்கு பில் அனுப்பலாம். ஊசி குத்துவதற்கு முன்பே "லேப் பில் யாரிடமிருந்து வரும், தள்ளுபடி அதற்கும் உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். வெளியே அனுப்பும் ஸ்பெஷலிஸ்டுக்கும் இதே கேள்விதான்.

கேள்வி: ஏழைகளுக்கான இடம் என்றால் தரம் குறைவாக இருக்காதா? நடத்துவது அரசா?

பதில்: அரசு பணம் தருகிறது, விதி வகுக்கிறது. நடத்துவது பெரும்பாலும் லாப நோக்கமற்ற உள்ளூர் அமைப்பு. அதன் நிர்வாகக் குழுவில் குறைந்தது 51 சதவீதம் பேர் அங்கேயே சிகிச்சை பெறும் நோயாளிகளாக இருக்க வேண்டும். மாலை நேரம் திறப்பதா, எந்த மொழி பேசுபவரை வேலைக்கு எடுப்பது என்பதையெல்லாம் வரிசையில் காத்திருந்து பழகியவர்கள் உட்கார்ந்து பேசும் ஏற்பாடு இது. இந்த விதியை நான் மிகவும் மதிக்கிறேன்.

1965-ல் பாஸ்டனின் கொலம்பியா பாயின்ட்டில் முதல் சென்டரைத் தொடங்கியவர்கள் ஜாக் கைகர், கவுன்ட் கிப்சன் என்ற இரண்டு மருத்துவர்கள். அடுத்து மிசிசிப்பியின் மவுண்ட் பேயூ. அங்கே பசியால் வாடிய குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டில் உணவையே எழுதித் தந்தார்கள். கடைக்காரர் உணவைக் கொடுத்துவிட்டு பில்லைச் சென்டரின் மருந்தகத்துக்கு அனுப்பினார். நிதி தந்த மத்திய அரசு அலுவலகம் ஆட்சேபித்தபோது, ஊட்டச்சத்துக் குறைவுக்கு மருந்து உணவுதான் என்று கைகர் பதில் சொன்னார். இன்றும் ஒரே கட்டடத்தில் பல் மருத்துவம், மனநலம், வாகன ஏற்பாடு என்று பல சென்டர்கள் வைத்திருப்பது அந்த வழியில் வந்ததுதான்.

கேள்வி: ஊரிலிருந்து அம்மா விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார். திடீரென நெஞ்சுவலி என்றால் எங்கே போவது?

பதில்: நெஞ்சுவலிக்கு ஹெல்த் சென்டர் வேண்டாம், அவசர எண் 911-ஐ அழையுங்கள். 1986-ன் எம்டாலா சட்டப்படி, மெடிகேரில் (முதியோருக்கான மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு) சேர்ந்த மருத்துவமனையின் எமர்ஜென்சிப் பிரிவு விசாவோ பணமோ பார்க்காமல் பரிசோதித்து, அவசர நிலை என்றால் உடலை நிலைப்படுத்த வேண்டும். ஆனால் இலவசம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. பில் பின்னால் வரும்.

அவசரமில்லாத சிகிச்சைக்குச் சென்டருக்குப் போவதானால் முதலில் போன் செய்யுங்கள். 2025 ஜூலையில் மத்திய சுகாதாரத் துறை, இந்தச் சென்டர்களின் சேவையையும் குடியேற்ற நிலை பார்த்துத் தரும் சலுகைகளோடு சேர்த்து அறிவித்தது. பல மாநிலங்கள் வழக்குப் போட்டன. அதனால் உங்கள் மாநிலத்தில் இப்போது என்ன நடைமுறை என்பதைச் சென்டரிடமே கேட்பது நல்லது.

கேள்வி: அப்படி ஒரு பில் ஏற்கெனவே வந்துவிட்டது. கிரெடிட் கார்டில் கட்டிவிடலாமா?

பதில்: தயவுசெய்து அவசரப்படாதீர்கள். கார்டில் கட்டினால் அது வட்டிக் கடனாகிவிடும்.

மருத்துவமனை லாப நோக்கமற்றதா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால், வரிவிலக்குக்காக எழுத்து வடிவில் ஒரு நிதியுதவிக் கொள்கை வைத்திருக்க வேண்டியது அதன் கடமை. வீட்டுக்குப் போன பிறகு வந்த முதல் பில்லின் தேதியிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பத்தை ஏற்க வேண்டும். முதல் 120 நாளுக்குள் வழக்குப் போடவோ கடன் வரலாற்றைப் பதியும் கிரெடிட் அமைப்புக்குத் தெரிவிக்கவோ கூடாது. யார் தகுதியானவர் என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். சில இடங்களில் அந்தப் பகுதியில் குடியிருப்பவருக்கு மட்டும்தான். கொள்கையை வாங்கிப் படியுங்கள். அதோடு, எந்தெந்த டாக்டர்களுக்கு அது பொருந்தும் என்ற பட்டியலையும் கேளுங்கள். எமர்ஜென்சி டாக்டர், எக்ஸ்ரே படித்தவர், ஆம்புலன்ஸ் எல்லாம் தனித்தனியாக பில் அனுப்பக்கூடும். வரிவரியாகப் பிரித்த பில்லை வாங்கி, ஒரே சோதனை இரண்டு முறை ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்துத் தமிழ் முதியவர்களோடு மொழிபெயர்க்கத் துணைக்குப் போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: நல்ல மனம். ஆனால் முடிந்தவரை நீங்கள் துணையாக மட்டும் இருங்கள், மொழிபெயர்ப்பைத் தகுதி பெற்றவரிடம் விடுங்கள். மத்திய அரசின் நிதி வாங்கும் மருத்துவமனையும் சென்டரும் அவரை இலவசமாகத் தர வேண்டும். உங்கள் ஆளை நீங்களே கூட்டி வாருங்கள் என்று வற்புறுத்தக் கூடாது. அவசரம் தவிர, சிறு வயதுப் பேரப்பிள்ளைகளைப் பேச வைக்கவும் கூடாது.

காரணம் சொல்கிறேன். "நெஞ்சைப் பிடிக்குதுப்பா, வாயுவா இருக்கும்" என்கிறார் பெரியவர். மகன் அதை டாக்டரிடம் "கேஸ்" என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டால், பிடித்த இடம், பரவிய கை, வியர்வை எதுவும் கேட்கப்படாமல் போகும். "மயக்கமா வருது" என்றால் தலைசுற்றலா, நினைவே தப்பியதா? இரண்டுக்கும் சோதனை வேறு. ஈழத்துப் பெரியவர் "சத்தி" என்பது வாந்தியை. தமிழ்நாட்டுக்காரர் அதை உடம்பின் சக்தி என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. மாதவிடாய், சிறுநீர், வீட்டில் அடி உதை பற்றியெல்லாம் மகன் முன்னால் பேசும் அம்மாக்கள் குறைவு.

அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே மொழி "தமிழ்" என்று பதியச் சொல்லுங்கள். இந்தியப் பெயரைப் பார்த்து "ஹிந்தி" என்று போட்டுவிடுவது நடக்கும். இலங்கைத் தமிழா என்பதையும் சொல்லுங்கள். எல்லாம் இரண்டு முறை பேசப்படுவதால் கூடுதல் நேரம் கேளுங்கள். தொலைபேசி வழி மொழிபெயர்ப்பு என்றால் ஸ்பீக்கரை முதியவரின் பக்கம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் நர்ஸ். "சரிங்க, புரிஞ்சுதுங்க" என்று தலையாட்டிவிட்டுப் போகிறவருக்கு அடுத்த முறையும் சர்க்கரை குறையவில்லை. எங்கே தவறு?

பதில்: "புரிந்ததா?" என்று கேட்டால் மரியாதைக்காகவே ஆமாம் வரும். "வீட்டில் எப்படிப் போடுவீர்கள், செய்து காட்டுங்கள்" என்று இன்சுலின் போடும் பேனாவைக் கையில் கொடுங்கள். இன்சுலின் பேனா ஊசிகள் பலவற்றுக்கு இரண்டு மூடி. வெளி மூடியைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் சிறு மூடியோடு குத்துபவருக்கு மருந்து உள்ளே போவதே இல்லை. குத்துவதற்கு முன் 2 யூனிட் மருந்தை வெளியே விட்டுப் பார்க்காமல் போடுவதும், அழுத்தியவுடன் சில வினாடிகூட வைத்திராமல் உருவிவிடுவதும் அடுத்த தவறுகள். இவை செய்து காட்டும்போது மட்டும்தான் கண்ணில் படும். மூன்று விஷயத்துக்கு மேல் ஒரே நாளில் சொல்லாதீர்கள்.

கேள்வி: சென்டரில் டாக்டர் செலவு குறைந்தது, மருந்து விலைதான் தாங்கவில்லை.

பதில்: 1992-ல் வந்த 340பி திட்டத்தில் சென்டர்கள் மருந்தைக் குறைந்த விலைக்கு வாங்க முடியும். அந்தச் சலுகை உங்கள் கைக்கு வர, சீட்டு சென்டரின் சிகிச்சையிலிருந்து வந்ததாகவும், வாங்குவது அவர்களின் சொந்த அல்லது ஒப்பந்த மருந்தகமாகவும் இருக்க வேண்டும். வழக்கமான பக்கத்துக் கடைக்குச் சீட்டை அனுப்பச் சொன்னால் முழு விலை கேட்கலாம். மனைவியின் தைராய்டு மாத்திரை மாதிரி தினசரி மருந்தாக இருந்தால், 30 நாளுக்கு என்ன விலை, 90 நாளுக்கு என்ன விலை என்று இரண்டையும் அங்கேயே கேட்டுவிட்டு வாங்குங்கள்.