ஸ்டைன்சால்ட்ஸின் தல்மூத் உரையை நம்பலாமா?

கேள்வி: சமய ஒப்பீட்டுப் படிப்பில் இருக்கிறேன். ஆய்வுக் கட்டுரைக்கு, யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத்துக்கு ரப்பி (யூத மதகுரு) ஆதின் ஸ்டைன்சால்ட்ஸ் எழுதிய உரையை எடுத்திருக்கிறேன். "அவர் லுபாவிச் குருவின் சீடர். இயக்கத்துக்குத் தோதாகத்தான் எழுதியிருப்பார்" என்கிறாள் தோழி. விட்டுவிடவா?

பதில்: விடாதீர்கள். சீடர் என்பது உண்மை, அதை அவர் மறைத்ததும் இல்லை. சபாத் என்றும் அழைக்கப்படும் லுபாவிச் இயக்கம், ஹசிதியம் என்ற யூத பக்தி மரபைச் சேர்ந்தது. அதைப் புரூக்ளினிலிருந்து நடத்திய குரு மெனாஹெம் மெண்டல் ஷ்னீர்சனைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். ஆனால் பிறந்தது 1937இல் எருசலேமில், மதப்பற்றில்லாத இடதுசாரிக் குடும்பத்தில். மகன் நாத்திகனானாலும் பரவாயில்லை, தற்குறியாகக் கூடாது என்றுதான் அப்பா தல்மூத் வாத்தியாரே வைத்தாராம்!

சரி, உரைக்கு வருவோம். தல்மூத்தின் வழக்கமான அச்சு வடிவமான வில்னா பதிப்பின் பக்கத்தில் நடுவே மூலம், சுற்றிலும் ராஷி, தோசஃபோத் என்ற இடைக்கால உரைகள். மூலத்தில் பெரும்பகுதி, ஹீப்ருவுக்கு நெருங்கிய பழைய மொழியான அரமேயம். உயிர்க்குறியும் கிடையாது, நிறுத்தக்குறியும் கிடையாது. ஸ்டைன்சால்ட்ஸ் 1965இல் தொடங்கி 2010இல் முடித்த பதிப்பில் இரண்டையும் போட்டு, கூடவே இக்கால ஹீப்ருவில் விளக்கமும் தந்தார். அந்த விளக்கம் பெரும்பாலும் ராஷியை ஒட்டியே போகிறது. ராஷி 11ஆம் நூற்றாண்டுக்காரர், ஹசிதியம் தோன்றியதோ 18ஆம் நூற்றாண்டில். சபாத் சிந்தனைதான் வேண்டுமென்றால், அவ்வியக்கத்தின் மூலநூலான தன்யாவுக்கு அவர் எழுதிய உரையில் தாராளமாகக் கிடைக்கும்.

1989இல் ஸ்டைன்சால்ட்ஸின் நூல்களைக் கடுமையாகக் கண்டித்த தீவிர வைதீக யூதத் தலைவர் ரப்பி எலாசர் ஷாக்குக்குச் சபாத்தே ஆகாது. அவர்கூட முக்கியமாகக் குறை சொன்னது விவிலியப் பெரியவர்களைச் சாதாரண மனிதர்கள்போல் காட்டிவிட்டார் என்றுதான். தல்மூத் பக்கத்தின் பழைய அமைப்பை மாற்றியதிலும் பலருக்குக் கோபம்.

குருவின் தாக்கம் எனக்குத் தெரிவது வேறிடத்தில். வேலைப் பளு தாங்காமல், எடுத்த பணிகளில் எதை விடலாம் என்று ஸ்டைன்சால்ட்ஸ் ஒருமுறை குருவிடம் கேட்டாராம். எல்லாவற்றையும் செய், இன்னும் கூடுதலாகச் செய் என்று பதில் வந்ததாம். தல்மூத் வேலை 45 ஆண்டுகள் நின்றுபோகாமல் நடந்ததை இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன்.

கட்டுரையின் முன்னுரையில் அவருடைய சபாத் தொடர்பை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அப்புறம், நீங்கள் எடுத்தாளும் பகுதிகளை ஆர்ட்ஸ்க்ரோல் பதிப்பகத்தின் ஷாட்டென்ஸ்டைன் தல்மூத் பதிப்போடு ஒப்பிடுங்கள். வேறுபடும் இடத்தில் இரண்டையும் கொடுங்கள். தோழியிடமும் அந்தப் பக்கங்களைக் காட்டுங்கள்.