வெளியே ஒரு பனி, உள்ளே ஒரு பனி

போன இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லும்போது, நானும் என் வீட்டுக்காரரும் ஐந்து குளிர்காலங்களில் சில வாரங்கள் கேம்பர்வேனிலேயே குடியிருந்து, மலையில் ஸ்னோபோர்டு (இரு காலையும் ஒரே பலகையில் பூட்டிப் பனியில் சறுக்குவது) ஓட்டினோம் என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேஜையை மூடிவிட்டன. இந்த வாரம் அவற்றுக்கு மட்டும்தான் பதில்.

கே: அக்கா, மைனஸ் 15 டிகிரியில் வேனுக்குள் படுத்தால் விறைத்துப்போக மாட்டீர்களா?

ப: எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். குளிரை ஹீட்டரும் நல்ல ரஜாயும் பார்த்துக்கொள்ளும். ஆளை ஓட ஓட விரட்டுவது ஈரம்.

முதல் ராத்திரி நாங்கள் செய்த புத்திசாலித்தனத்தைக் கேளுங்கள். காற்று வரும் இடமெல்லாம் அடைத்தோம். கூரை ஜன்னலை இறுக மூடி, அதன் ஓரத்தில் துண்டையும் திணித்தோம். கதகதவென்று தூங்கினோம். விடிந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தால், கூரைப் பலகையை முடுக்கிய ஒவ்வொரு திருகின் தலையிலும் வெள்ளையாக ஒரு மணி. பனிக்கட்டி! வரிசையாக, முத்துக் கோத்ததுபோல. வெளித் தகடு வரை போகும் திருகு என்பதால் குளிர் அதன் வழியாகவே உள்ளே இறங்கியிருக்கிறது. என் ரஜாயின் ஒரு மூலை பக்கச் சுவரோடு ஒட்டி உறைந்திருந்தது, இழுத்தால் பர்ரென்று சத்தம். அவர் ஹீட்டரைக் கூட்டிவைத்தார். பத்து நிமிடத்தில் வேனுக்குள் மழை.

இரண்டு பேர் ராத்திரி முழுக்க மூச்சிலும் வியர்வையிலும் வெளியே விடும் தண்ணீர் அரை லிட்டராவது இருக்கும். அது போக வழியில்லை என்றால் எங்கே போகும்? தமிழில் புல்நுனியில் நிற்பதும் பனி, மலையில் கொட்டுவதும் பனி. வெளியே இருப்பது இரண்டாவது பனி, உள்ளே நாமே காய்ச்சி வடிப்பது முதல் பனி. வேனில் வாழ்வது முழுக்க இந்த இரண்டாம் வகையிடம் போய்விட்டு, முதல் வகையோடு மல்லுக்கட்டுவதுதான்.

மருந்து எளிது, மனசுதான் ஒப்பாது. கூரை ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைத்து, ஹீட்டரை மெல்லிய சூட்டில் விடிய விடிய ஓடவிடுங்கள். கடுங்குளிர்க் காற்றில் ஈரம் மிகக் குறைவு. உள்ளே வந்து சூடானதும் அது காய்ந்த காற்றாகிவிடும். நம் மூச்சின் ஈரத்தைத் தூக்கிக்கொண்டு கூரை வழியாகப் போய்விடும். சூடு வீணாகிறதே என்று அவர் மூன்று நாள் புலம்பினார். நாலாம் நாள் காலை காய்ந்த தலையணையில் கண் விழித்ததும் புலம்பல் நின்றது.

கே: ஹீட்டர் டீசலா, கேஸா?

ப: எங்களுடையது டீசல். வண்டியின் டாங்கிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். சிறிய வேனுக்கு 2 கிலோவாட் போதும். மெல்லிய சூட்டில் ராத்திரி முழுக்க ஓடினாலும் ஒரு லிட்டரோ ஒன்றரையோதான் குடிக்கும். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையையும் வெளியிலேயே விடும். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். அதனால் டீசல் சரியாக எரியாமல் உள்ளே கரி படியும். உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்துகொள்ளும் வகை இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். இல்லாவிட்டாலும் தினம் அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினால் கரி ஓரளவு எரிந்துபோகும்.

கேஸ் என்றால் சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பியூட்டேன் மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். பக்கத்தில் நின்ற ஒரு வண்டிக்காரர் சிலிண்டரைத் தூக்கிக் குலுக்கிக் காட்டினார். உள்ளே சளசளவென்று சத்தம், அடுப்பிலோ சுடர் இல்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்திக்கொண்டிருந்தார். பாவம், உள்ளே இருந்தது பியூட்டேன்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சமையல் அடுப்பை ஏற்றிவைத்துக் குளிர் காயாதீர்கள். ஹீட்டரின் புகைக்குழாய் வேனுக்கு அடியில் இருக்கும். ராத்திரி பனி குவிந்து அதை மூடினால் புகை உள்ளே திரும்ப வழி கிடைத்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதற்கான அலாரம் இல்லாமல் ஒரு ராத்திரிகூடப் படுக்காதீர்கள். பனி கொட்டும் ராத்திரிகளில் தூங்கப்போகும் முன் மண்வெட்டியோடு ஒரு சுற்று வருவது எங்கள் வீட்டில் என் வேலை.

கே: மலைப்பாதையில் வேன் ஏறுமா? தனி டயர் வேண்டுமா?

ப: வேண்டும். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் பனிப்பூவும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பனியில் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் அந்தக் குறி. வெறும் ‘எம் பிளஸ் எஸ்’ (சேறும் பனியும்) என்பது தயாரிப்பாளர் தானே சொல்லிக்கொள்வது. பனியில் வழுக்காமலிருக்க டயரில் சுற்றும் சங்கிலியை என்ஜின் இழுக்கும் சக்கரத்தில் மாட்ட வேண்டும். பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் முன்சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிப் பயன் இல்லை. ஊரைவிட்டுக் கிளம்பும் முன் காய்ந்த தரையில், கையுறை போட்டுக்கொண்டு, நாலு தடவை மாட்டிக் கழற்றுங்கள். நாங்கள் முதன்முதலில் சங்கிலிப் பையைப் பிரித்ததே இருட்டில், ஏற்றத்தின் நடுவில். நாற்பது நிமிடம். விரல் நுனிகளுக்கு உணர்ச்சி திரும்பியபோது வந்த வலியை இப்போது நினைத்தாலும் உதறிக்கொள்கிறேன்.

நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். ஈரமாகி உறைந்தால் விடிந்ததும் சக்கரம் சுற்றாது. சமதளமாகப் பார்த்து நிறுத்தி, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். வைப்பரைத் தூக்கி நிறுத்துங்கள். புறப்படும் முன் கூரைப் பனியைத் தள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் பிரேக்கிலேயே அத்தனையும் முன்கண்ணாடியில் சரிந்து கண்ணை மறைத்துவிடும்.

இன்னொன்று, டீசல். சாதா டீசலில் கடுங்குளிரில் மெழுகு திரளும். மலைப் பக்கத்து பெட்ரோல் பங்குகளில் குளிர்காலத்துக்கென்றே கலந்த டீசல் விற்பார்கள். நாங்கள் சமவெளியிலேயே டாங்கை வழிய வழிய நிரப்பிக்கொண்டு பெருமையாக மேலே போனோம். மறுநாள் காலை என்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு அணைந்தது, பில்டரில் மெழுகு. ஹீட்டரும் அதே டாங்கில் குடிப்பதுதானே! அதுவும் நின்றது. வெயில் ஏறும்வரை இரண்டு பேரும் ஒரே ரஜாய்க்குள் உட்கார்ந்து, யார் யோசனை இது என்று விசாரணை நடத்தினோம்.

கே: இரவில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாமா?

ப: கூடாது. பனிச்சறுக்கு ஊர்கள் பலவற்றில் இதற்கென்றே ஒதுக்கிய இடம் இருக்கும், பலகையைப் படியுங்கள். ஒருநாள் சோம்பலில், சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டுக்குப் பக்கமாகச் சாலையோரம் ஒதுங்கினோம். விடிகாலை ஐந்து மணிக்கு ஜன்னலில் தடதடவென்று இடி. பனி வாரும் வண்டியின் ஓட்டுநர். வண்டியின் மஞ்சள் விளக்கு அவர் தாடியில் சுழன்று சுழன்று அடிக்கிறது. நாங்கள் நகராவிட்டால் சாலைப் பனி முழுவதையும் எங்கள் கதவோரமே கொட்டவேண்டி வரும் என்று கையாலேயே விளக்கினார். பைஜாமாவோடு வண்டியை நகர்த்தினேன்.

சரிவுகளுக்கு நேர் கீழேயும் நிறுத்தாதீர்கள். காரணம் கடைசிக்கு முந்தின கேள்வியில்.

கே: தண்ணீர், கழிவறை?

ப: வேனுக்கு அடியில் இருக்கும் தொட்டி உறைந்துவிடும். உள்ளே கேனில் வைத்துக்கொள்ளுங்கள். கழிவுநீர்க் குழாயைத் திறந்துவிட்டு அடியில் வாளி வையுங்கள். உறைந்தால் வாளியோடு உறையட்டும். மற்றதைச் சாப்பாட்டு மேஜையில் இதழ் படிப்பவர்களுக்காக விட்டுவிடுகிறேன்.

கே: சோலார் இருக்கிறது, லித்தியம் பேட்டரி இருக்கிறது. போதுமல்லவா?

ப: சோலார் பேனல்மேல் ஒரு அடி பனி கிடந்தால் அது வெறும் கூரைதான். வேனில் போடும் லித்தியம் பேட்டரியைப் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். எடுக்கலாம், ஏற்றக்கூடாது. நாம் தூங்கும் சூட்டிலேயே அதையும் தூங்க வையுங்கள். எங்களுடையது கட்டிலுக்கு அடியில்.

கே: எனக்கு வயது 44. இனிமேல் ஸ்னோபோர்டு கற்க முடியுமா? எந்தக் கால் முன்னால்?

ப: நான் தொடங்கியது 46-ல். யாராவது பின்னாலிருந்து எதிர்பாராமல் லேசாகத் தள்ளினால் எந்தக் காலை முன்னே ஊன்றுகிறீர்களோ, அநேகமாக அதுதான் முன்னங்கால். இடது என்றால் ‘ரெகுலர்’, வலது என்றால் ‘கூஃபி’. இரண்டும் சரிதான்.

இந்த விளையாட்டே ஒரு அப்பா பிள்ளைகளுக்குச் செய்துகொடுத்த பொம்மையிலிருந்து வந்தது. 1965 கிறிஸ்துமஸ் அன்று, அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் என்பவர் இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துப் பிணைத்து மகள்களிடம் கொடுத்தார். மனைவி அதற்கு ‘ஸ்னர்ஃபர்’ என்று பெயர் வைத்தார். 1998-ல் ஜப்பானின் நாகானோவில் அது ஒலிம்பிக்கே போய்விட்டது. ஆகவே உங்கள் 44 ஒன்றும் தாமதம் இல்லை.

ஆனால் விழுவீர்கள். முதல் இரண்டு நாள் விழுவதுதான் பாடம். பலகையின் சரிவுப் பக்க விளிம்பு பனியில் குத்திவிட்டால் யோசிக்க நேரம் இருக்காது, வாழைத்தார் விழுவதுபோல ஒரே அடி. கையை விரித்து ஊன்றினால் மணிக்கட்டு போகும். தொடங்குபவர்களுக்கு அதிகம் அடிபடும் இடம் அதுதான். விரல்களை முஷ்டியாக மடக்கிக்கொண்டு முன்கையில் விழப் பழகுங்கள். மணிக்கட்டுக் காப்பும் ஹெல்மெட்டும் போடுங்கள். எனக்குப் போனது வால் எலும்பு. வேன் கட்டிலில் ஆறு ராத்திரி குப்புறப் படுத்தேன்.

ஆசிரியர் வைத்துக்கொள்ளுங்கள். கணவர் சொல்லிக்கொடுப்பது வேண்டாம்.

கே: நனைந்த பூட்ஸை வேனில் எப்படிக் காயவைப்பது?

ப: அப்பாடா, விஷயம் தெரிந்தவர் ஒருவர்! பூட்ஸின் உள்ளுறையை உருவி எடுக்க வேண்டும். ஈரமும் எரிச்சலும் பெரும்பாலும் அங்கேதான். அடித்தட்டையும் தனியாக எடுங்கள். ஹீட்டரின் சூட்டுக்காற்று வாயில் ஒரு மீட்டர் வளைகுழாய் மாட்டி, அதை இரவில் உறைக்குள் நுழைத்துவிடுவார் அவர். ஒரு காலுக்கு ஒரு மணி நேரம். ரொம்பச் சூடு ஆகாது, உள்ளுறை நுரை இளகி அதன் வடிவம் மாறிவிடும். பலகையைத் துடைத்துவிட்டு வையுங்கள். விளிம்பு இரும்பு, ஒரே ராத்திரியில் துரு பிடிக்கும். பூட்ஸைப் பலகையோடு பூட்டும் பைண்டிங்கில் ஒட்டிய பனியை வெளியிலேயே தட்டிவிட்டு வாருங்கள். உள்ளே வரும் ஒவ்வொரு கைப்பிடிப் பனியும் ராத்திரி கூரைத் திருகில் போய் உட்காரும்.

கே: தம்பதிக்குள் சண்டை வராதா?

ப: வரும். ஈரச் சாக்ஸ் யாருடையது என்று வரும்.

கே: சறுக்குப் பாதையின் வேலிக்கு அந்தப் பக்கம் யாரும் கால் வைக்காத புதுப்பனியில் போகலாமா? வீடியோக்களில் அழகாக இருக்கிறதே!

ப: ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது இங்கே பழமொழி அல்ல, நேர்ப்பொருள். பனிச்சரிவு பெரும்பாலும் 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவுகளில்தான் கிளம்பும். வீடியோவில் நீங்கள் ரசிப்பதும் அதே சரிவுதான். பனிச்சரிவு அபாயத்தை ஐந்து படிகளாக அறிவிப்பார்கள். மூன்றைப் பார்த்து, பாதிதானே என்று நினைக்கிறார்கள். சாவுகள் நிறைய நடப்பது மூன்று போட்டிருக்கும் நாட்களில். புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார், அதற்குப் பிறகு வாய்ப்பு மளமளவென்று சரியும். அந்தப் பத்து நிமிடத்தில் மீட்புப்படை வராது. கூட வந்தவர்தான் தோண்ட வேண்டும். புதைந்த இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி, துழாவும் கம்பி, மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருந்து, பயன்படுத்தவும் தெரிந்து, வழிகாட்டியும் இருந்தால் போங்கள். ஐந்து வருடத்தில் நான் இரண்டே தடவை போனேன்.

கே: இவ்வளவு பாடு எதற்கு? ஓட்டலில் தங்கலாமே!

ப: தங்கலாம். எங்கள் அண்ணியும் இதையேதான் கேட்பார்.

பனி வாரும் வண்டிக்காரர் எழுப்பிவிட்டாரே, அன்றைக்கு ராத்திரி முழுக்கக் கொட்டியிருக்கிறது. நகர்த்தி நிறுத்தியபின் தூக்கம் போய்விட்டது. காபி போட்டோம். கதவைத் தள்ளினால் முழங்கால் வரை பனி, காகம் நடந்த தடம்கூட இல்லை. ஊர் இன்னும் எழவில்லை. காய்ந்த பூட்ஸை மாட்டிக்கொண்டு, பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தோம். லிஃப்ட் திறக்க இன்னும் அரை மணி நேரம். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு ஆள், பலகையோடு. திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அதே தாடி.