சாலையில் புதைந்த வரி – கடிதம்

அன்புள்ள ஐயா,

மாதச் சம்பளக்காரன் நான். வருமான வரியைக் கைக்கு வரும் முன்பே பிடித்துக்கொள்கிறார்கள். நாட்டில் வரி கட்டுபவர்கள் கொஞ்சம் பேர்தான்; கட்டிய பணமும் இலவசங்களுக்குப் போகிறது. எங்கள் தெருவில் ஐந்து வருடத்தில் மூன்று முறை தார் போட்டாயிற்று. இப்போது சாலை வாசற்படியைவிட உயரம், மழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள். இந்த வீண்செலவை யாரிடம் கேட்பது?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

வண்டிக்குப் பெட்ரோல் போட்டு, சோப்பும் பற்பசையும் வாங்கும் சித்தாளும் வரி கட்டுகிறார். அவருக்கு ரசீதுதான் கிடைப்பதில்லை. இலவச பஸ் பயணத்தை நான் வீண்செலவில் சேர்ப்பதில்லை. உங்களுக்கு அது பிடிக்கவில்லை என்றால் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் சண்டை போடலாம்.

உங்கள் வருமான வரிக்கும் அந்தத் தார்ச் சாலைக்கும் தூரம் அதிகம். மத்திய வரியை மாநிலங்களுக்கு எப்படிப் பிரிப்பது என்று பரிந்துரைப்பது நிதிக்குழு. 15ஆவது நிதிக்குழுவின் கணக்கில் (2021–26), பகிர்வுக்குரிய மத்திய வரியில் 100 ரூபாய்க்கு 41 ரூபாய் எல்லா மாநிலங்களுக்குமான பங்கு. அதில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம், அதாவது ஏறக்குறைய 1 ரூபாய் 67 காசு. வரியின் மேல் நீங்கள் கட்டும் 4 சதவீத செஸ் (குறிப்பிட்ட செலவுக்கென்று வாங்கும் கூடுதல் வரி) இந்தப் பகிர்வுக்கே வராது. 2018–19இல் 35 வகை செஸ், தீர்வைகளில் வசூலான சுமார் 2.75 லட்சம் கோடியில் 1.64 லட்சம் கோடிதான் உரிய நிதிகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின் அறிக்கை சொன்னது. டீக்கடையில் இலவச மிக்சி அடிபடும் அளவுக்கு இது அடிபடுவதில்லை.

தெருச் சாலைக்கு வருவோம். அதில் உங்கள் வீட்டு வரியும் இருக்கிறது.

பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே கனத்துக்குப் புதிதாகப் போடுவதுதான் முறை. மில்லிங் என்பார்கள். 2021 மே மாதம் தலைமைச் செயலாளரே இதை வலியுறுத்தி உத்தரவு போட்டார். சுரண்டாமல் 40 மி.மீ. வீதம் மூன்று முறை போட்டால் 12 செ.மீ. ஏறிவிடும். உங்கள் வாசற்படி போனது அப்படித்தான் இருக்கும். எஸ்டிமேட்டில் மில்லிங் உண்டா, அதற்குப் பணம் கொடுத்தார்களா என்பதை முதலில் பாருங்கள்.

அடுத்தது கனம். 300 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 40 மி.மீ. கனம் என்றால் 72 கன மீட்டர். ரோலர் ஓட்டி இறுகிய பிறகு சுமார் 170 டன். 30 மி.மீ.தான் போட்டார்கள் என்றால் 43 டன் மிச்சம், பத்து டன் டிப்பரில் நாலு லோடு. கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது, துளை போட்டு எடுக்கும் மாதிரிதான் காட்டும். தார்க் கலவை ஆலையிலிருந்து 150–165 டிகிரி சூட்டில் கிளம்பும். 90க்குக் கீழே ஆறிவிட்டால் எத்தனை முறை உருட்டினாலும் இறுகாது. மார்ச் முடிவதற்குள் பில் போட வேண்டும் என்று ராத்திரியோடு ராத்திரியாக ஓடும் வேலையில் தெர்மாமீட்டரை யார் எடுக்கிறார்கள்? (நிதியாண்டுக் கடைசியில் அவசரமாகச் செலவழிப்பது நிதி ஒழுங்கை மீறுவது என்று மத்திய அரசின் பொது நிதி விதிகளே சொல்கின்றன.) எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் மூன்றாம் மாதம் பாதாளச் சாக்கடைக்காரர்கள் வந்து வெட்டுவார்கள். பெரிய வீண் அதுதான் என்பேன்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "ஏன் மூன்று முறை போட்டீர்கள்" என்று கேட்காதீர்கள். காரணம் சொல்வது அவர் வேலை இல்லை என்று திருப்பிவிடுவார்கள். நகல் கேளுங்கள்: மூன்று வேலைகளின் எஸ்டிமேட், பணி ஆணை, செய்த வேலையை அளந்து எழுதிவைக்கும் எம்.புக் என்கிற அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், இறுதி பில், தரச் சோதனை அறிக்கை, குறைபாடுகளுக்கு ஒப்பந்ததாரர் பொறுப்பேற்கும் காலம் எதுவரை என்ற பதிவு. முந்தைய சாலைக்கு அந்தக் காலம் முடியும் முன்பே அடுத்ததற்கு டெண்டர் விட்டிருந்தால், ஒப்பந்ததாரர் தன் செலவில் செய்திருக்க வேண்டிய பழுதுக்கு நீங்கள் பணம் கொடுத்திருக்கிறீர்கள். அதே சட்டத்தின் 2(j) பிரிவு சான்றிட்ட பொருள் மாதிரி கேட்கவும் உரிமை தருகிறது. சாலையின் துண்டையே கேட்கலாம்.

30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. எம்.புக் நகல் வந்ததும் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி நீளத்தையும் அகலத்தையும் நீங்களே அளந்து பாருங்கள்.